பித்தப்பைக் கல்: ஆபரேஷன் வேண்டாம் என்று இருப்பவர்கள் செய்யும் தவறுகள்

எனக்குப் பித்தப்பையில் 2 கற்கள் இருக்கின்றன. 6 வருடமாக அவற்றோடுதான் காலம் ஓடுகிறது, ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை. அது சரியா தப்பா என்று வாதாட இதை எழுதவில்லை. வலி வர ஆரம்பித்துவிட்டால் பித்தப்பையை எடுத்துவிடுங்கள் என்பதுதான் டாக்டர்கள் வழக்கமாகச் சொல்வது, அதற்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் பயமோ, வயதோ, வேறு நோயோ, ஏதோ ஒன்றால் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பவர்கள் ரொம்பப் பேர், அவர்களில் பலர் நான் செய்த அதே தவறுகளைச் செய்துகொண்டிருப்பதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை.

முதல் தடவை வலி வந்தது ராத்திரி 11 மணிக்கு மேல். எண்ணெயில் பொரித்ததை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். நெஞ்செலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே யாரோ முஷ்டியை வைத்து அழுத்துகிற மாதிரி ஆரம்பித்தது. கால் மணி நேரத்தில் முதுகில், வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழேயும் வந்து உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்தாலும் வலி, படுத்தாலும் வலி, நடந்தாலும் வலி. வாயுப் பிடிப்பு என்று நினைத்து சோடா குடித்தேன், ஏப்பம் வந்தது, வலி போகவில்லை. அசிடிட்டி மாத்திரை போட்டேன், 2 தடவை கழிவறைக்குப் போய்வந்தேன், ஒன்றும் அசையவில்லை. இரண்டரை மணிக்குத் தானாக விட்டுவிட்டது. காலையில் எதுவுமே நடக்காத மாதிரி இருந்ததால் டாக்டரிடம் போகவும் இல்லை. அடுத்த வலி வரும்வரை 5 மாதம் அது வாயு என்றேதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பித்தநீரைச் சுரக்கிறது. அதில் ஒரு பங்கை வாங்கித் தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி வைத்துக்கொள்கிற சின்னப் பைதான் பித்தப்பை, 30 முதல் 50 மில்லி பிடிக்கும். கொழுப்புள்ள சாப்பாடு சிறுகுடலில் இறங்கியதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கும், உடனே பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்கு அனுப்பும். அந்த நேரம் பார்த்து ஒரு கல் பையின் வாயில் வந்து அடைத்தால், பை அதை எதிர்த்து இறுக்கும், அதுதான் வலி. கல் பின்வாங்கி உள்ளே விழுந்ததும் வலியும் விடும். அதனால்தான் பித்தப்பை வலி வந்தால் அரை மணி நேரத்திலிருந்து 5, 6 மணி நேரம் வரை ஒரே பிடியாக நிற்கும், ஏப்பத்துக்கும் மாத்திரைக்கும் புரண்டு படுப்பதற்கும் அசையாது, பிறகு சுத்தமாகப் போய்விடும். இந்த உருவத்தை மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள், மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

கல் வலியை வாயு என்று நினைப்பதற்கு நேர் எதிர்த் தவறு ஒன்று உண்டு, அதையும் நான் விடவில்லை. ஸ்கேனில் கல் தெரிந்துவிட்டால் அப்புறம் வயிற்றில் எது நடந்தாலும் பழி அதன் தலையில்தான். உப்புசம், புளிச்ச ஏப்பம், நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், சாப்பிட்டதும் வயிறு கனத்துப் போவது, இவை எதுவும் கல்லுக்கே உரிய தொல்லை இல்லை, கல் இல்லாதவர்களுக்கும் இதெல்லாம் வருகிறது. கல் இருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கடைசிவரை அதனால் எந்தத் தொந்தரவும் வருவதே இல்லை, வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் அது கண்ணில் படுகிறது. நெதர்லாந்தில் கல்லும் வயிற்று வலியும் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2019-ல் வந்தது. வழக்கமான சிகிச்சை பெற்ற பிரிவில் பெரும்பாலோர் பித்தப்பையை எடுத்துக்கொண்டவர்கள், அப்படியும் ஒரு வருடம் கழித்து வலியே இல்லாமல் இருந்தவர்கள் அந்தப் பிரிவில் 60 சதவீதம்தான். வலிகளில் ஒரு பங்காவது கல்லிலிருந்து வரவில்லை என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அதனால் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு நேரம் நின்றது, எந்த இடம், அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், எதனால் குறைந்தது. 2 மாதம் எழுதியதில் எனக்குத் தெரிந்தது இதுதான்: தினசரி வந்த உப்புசம் அத்தனையும் பால் குடித்த நாட்களில் வந்தது, கல்லுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பாலைக் குறைத்தேன், பாதித் தொல்லை போயிற்று. அதுவரை கல்லைத் திட்டிக்கொண்டே பாலைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் தவறுகள் அதிகம். கொழுப்புதான் வலியைத் தூண்டுகிறது என்று கேள்விப்பட்டதும் சிலர் எண்ணெயே இல்லாமல் சாப்பிட ஆரம்பித்துவிடுகிறார்கள். கொழுப்பே உள்ளே போகாவிட்டால் பித்தப்பை சரியாகச் சுருங்காது, பித்தநீர் உள்ளேயே தேங்கிக் கெட்டியாகும், கல் உருவாவதற்கும் வளர்வதற்கும் அதைவிடத் தோதான இடம் கிடையாது. வேளை தவறி வெறும் வயிற்றோடு நீண்ட நேரம் கிடப்பதிலும் இதே கோளாறுதான். அதைவிட மோசம் அவசர அவசரமாக எடையைக் குறைப்பது. வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் குறைந்தால் கல் உண்டாகும் வாய்ப்பு ஏறுகிறது, ஏனென்றால் உடம்புக் கொழுப்பு கரையும்போது கல்லீரல் பித்தநீருக்குள் அதிகக் கொலஸ்ட்ராலைத் தள்ளுகிறது. எடை அதிகமிருந்தால் குறைக்கத்தான் வேண்டும், மெதுவாகக் குறையுங்கள். வாரம் அரை கிலோ போதும்.

எனக்கு ஒத்துவந்தது, ஒவ்வொரு வேளையும் கொஞ்சம் கொழுப்பு, எந்த வேளையும் நிறையக் கொழுப்பு இல்லை. வாரம் முழுக்கப் பத்தியமாக இருந்துவிட்டு ஒரு நாள் விருந்தில் ஒரு பிடி பிடிப்பதுதான் என் மூன்றாவது வலியைக் கொண்டுவந்தது. நார்ச்சத்து அதிகமுள்ள காய்கறி, பழம், முழுத் தானியம், தினமும் நடை, இவை புதிதாகக் கல் உண்டாகாமல் இருக்க உதவும், இருக்கிற கல்லைக் கரைக்காது. இன்ன உணவைத் தொடவே கூடாது என்று எல்லோருக்கும் பொருந்தும் பட்டியல் எதுவும் கிடையாது, உங்கள் நோட்டுதான் உங்கள் பட்டியல்.

அடுத்தது கல்லீரல் சுத்திகரிப்பு. ஆலிவ் எண்ணெய், எலுமிச்சைச் சாறு, எப்சம் உப்பு (பேதிக்குக் குடிக்கிற உப்பு) எல்லாம் குடித்தால் மறுநாள் மலத்தில் பச்சைப் பச்சையாக உருண்டைகள், பார்த்ததும் கல் வந்துவிட்டது என்று சந்தோஷம். அந்தச் சந்தோஷம் எனக்குப் புரிகிறது, கண்ணால் பார்த்ததை எப்படி நம்பாமல் இருப்பது! ஆனால் அப்படி ஒரு பெண்மணிக்கு வந்த உருண்டைகளைப் பரிசோதனைக் கூடத்தில் ஆராய்ந்து 2005-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டிருக்கிறார்கள். நிஜமான பித்தப்பைக் கல்லில் இருக்கிற கொலஸ்ட்ராலும் அவற்றில் இல்லை, பித்தநீருக்கு நிறம் தரும் பிலிருபினும் இல்லை, கால்சியமும் இல்லை. முக்கால் பங்கு கொழுப்பு அமிலம், 40 டிகிரி சூட்டில் 10 நிமிடத்தில் உருகிப் பச்சை எண்ணெயாகிவிட்டது. குடித்த எண்ணெயே குடலுக்குள் சோப்பு மாதிரித் திரண்டு வெளியே வந்திருக்கிறது. அவ்வளவு எண்ணெயை ஒரே மடக்கில் குடித்தால் பித்தப்பை பலமாகச் சுருங்கும், உள்ளே நிஜமான கல் இருப்பவருக்கு அதுவே வலியைக் கிளப்பிவிடலாம். தயவுசெய்து செய்யாதீர்கள்.

தண்ணீர் நிறையக் குடித்தால் கல் வெளியே வந்துவிடும் என்பது சிறுநீரகக் கல்லுக்குச் சொன்னது. இரண்டும் வேறு வேறு. சிறுநீரகக் கல் சிறுநீரோடு வெளியேறினால் நல்லது. பித்தப்பைக் கல் பையை விட்டுக் கிளம்பினால் அங்கேதான் ஆபத்து ஆரம்பிக்கிறது, ஏனென்றால் அது போகிற பித்தநாளமும் கணையத்திலிருந்து வரும் குழாயும் குடலில் திறப்பது பெரும்பாலும் ஒரே வாசலில். கல் அந்த வாசலில் மாட்டினால் கல்லீரலுக்கும் அடைப்பு, கணையத்துக்கும் அடைப்பு. கணைய அழற்சி உயிருக்கே உலை வைக்கிற நோய். இதனால்தான் "எனக்கு 4 மில்லிமீட்டர்தான், சின்னக் கல்" என்று நிம்மதிப்படுவதும் தவறு, சின்னக் கல்தான் சுலபமாக நழுவி நாளத்துக்குள் போகும். பெரிய கல்லும் நிம்மதி இல்லை, 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் வலியே இல்லாவிட்டாலும் ஆபரேஷனைப் பற்றி டாக்டர்கள் பேசுவார்கள்.

மாத்திரையால் கரைக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்ற மாத்திரை இருக்கிறது, சிலருக்குக் கரைக்கவும் செய்கிறது. ஆனால் அது கொலஸ்ட்ரால் கல்லாக இருக்க வேண்டும், கால்சியம் படிந்திருக்கக் கூடாது, 1 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், பித்தப்பை நன்றாகச் சுருங்கி விரிகிற நிலையில் இருக்க வேண்டும். அத்தனையும் பொருந்தினாலும் 6 மாதத்திலிருந்து 2 வருடம் வரை விடாமல் சாப்பிட வேண்டும், கரைந்தவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 5 வருடத்துக்குள் திரும்ப வந்துவிடுகிறது. தெரிந்தவருக்குக் கொடுத்தார்கள் என்று கடையில் வாங்கி 1 மாதம் போட்டுப் பார்த்துவிட்டு, கேட்கவில்லை என்று நிறுத்துவதில் காசுதான் வீண்.

வேறு நோய்க்கு மருந்து எழுதும்போது கல் இருப்பதைச் சொல்லாமல் விடுவது எல்லோரும் செய்கிற தவறு. ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரைகள், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பைக் குறைக்கத் தரும் ஃபைப்ரேட் மருந்துகள், சர்க்கரைக்கும் எடைக் குறைப்புக்கும் போடும் செமாக்ளூடைட் வகை ஊசிகள், செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி, இவை எல்லாமே பித்தப்பையைப் பாதிக்கக்கூடியவை. வேண்டாம் என்று நாமாக நிறுத்தக் கூடாது, ஆனால் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது நான் ரொம்பவும் கவலைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். வலி பழகிப்போவது. 2, 3 தடவை தானாக விட்டுவிட்டால், இதுவும் விட்டுவிடும் என்று மனசு சொல்ல ஆரம்பிக்கிறது. டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் பித்தப்பை வலிக்கு நன்றாகவே கேட்கும், டாக்டர்களே தருவார்கள் (வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் இருப்பவர்கள் கேட்காமல் தொடவே கூடாது), ஆனால் ஒன்று போட்டு, அடங்காமல் இன்னொன்று போட்டு, விடிகிறவரை சமாளிப்பது விபரீதம். 6 மணி நேரம் தாண்டி வலி நிற்கிறதென்றால் அடைப்பு விடவில்லை, பித்தப்பை வீங்கிப் புண்ணாக ஆரம்பித்திருக்கலாம். மூச்சை உள்ளே இழுக்கும்போது வலது விலாவுக்கு அடியில் சுருக்கென்று பிடித்து மூச்சே நிற்கிற மாதிரி இருந்தாலும் அப்படித்தான். காய்ச்சலோ நடுக்கமோ வந்தாலும், கண் வெள்ளை மஞ்சளானாலும், சிறுநீர் டீ நிறத்திலும் மலம் வெளுத்தும் போனாலும், வாந்தி நிற்காமல் வலி முதுகுக்கு ஊடுருவினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. காய்ச்சல், காமாலை, வலி மூன்றும் சேர்ந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம், பித்தநாளத்தில் கிருமி ஏறிவிட்டது என்பதன் அடையாளம் அது. வயதானவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியும் காய்ச்சலும் குறைவாகத் தெரியும், உள்ளே நிலைமை முற்றியிருக்கும், அவர்கள் இந்த அளவுகோலுக்குக்கூடக் காத்திருக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மேல் வயிற்று வலியோடு வியர்வையும் மூச்சுத் திணறலும் இருந்தால், தாடையிலோ இடது கையிலோ வலி பரவினால், பழைய கல்தான் என்று படுத்திருக்காதீர்கள். மாரடைப்பும் சில நேரம் வயிற்று வலி வேஷத்தில்தான் வரும்.

ஸ்கேனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அல்ட்ராசவுண்ட் பித்தப்பைக்குள் இருக்கும் கல்லை அநேகமாகத் தவறவிடாது, ஆனால் நாளத்துக்குள் நழுவிய கல்லைப் பல சமயம் தவறவிடும், காமாலை இருக்கும்போது ஸ்கேன் நார்மல் என்று வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது. மற்றபடி தொந்தரவே இல்லாதவர் 3 மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்துக் கல்லின் அளவைப் பார்த்துப் பயந்துகொண்டிருப்பதில் பிரயோஜனம் இல்லை.

கடைசியாக, ஆபரேஷன் வேண்டாம் என்று ஒரு தடவை முடிவெடுத்துவிட்டு அதை மானப் பிரச்சினையாக்கிக்கொள்வது. பிரிட்டனில் 434 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2023-ல் வெளிவந்தது, எல்லோருமே வலி இருந்தும் சிக்கல் எதுவும் வராதவர்கள். 18 மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆபரேஷனுக்கு அனுப்பிய பிரிவுக்கும் பொறுத்திருந்து பார்த்த பிரிவுக்கும் வலி விஷயத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எனக்கு அது தைரியம் கொடுத்தது. ஆனால் அதே ஆய்வில் பொறுத்திருந்தவர்களிலும் 25 சதவீதம் பேர் அந்த 18 மாதத்துக்குள் ஆபரேஷன் செய்துகொண்டார்கள், அவர்களை யாரும் தோற்றுப்போனவர்களாகப் பார்க்கவில்லை. சிக்கல் ஒரு தடவை வந்துவிட்டால், அது பித்தப்பை வீக்கமோ கணைய அழற்சியோ நாளத்தில் கல்லோ எதுவானாலும், இந்தக் கணக்கு செல்லாது, ஏனென்றால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம்.

நானும் என் டாக்டரும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறோம்: ஒரே வருடத்தில் 3 தடவை வலி வந்தாலோ, ஒரே ஒரு தடவை காமாலையோ காய்ச்சலோ சேர்ந்து வந்தாலோ, மறுபேச்சில்லாமல் ஆபரேஷன். நோட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதி வைத்திருக்கிறேன், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். போன வருடக் கணக்கில் இருப்பது ஒரே ஒரு வலி, 2 மணி நேரம் நின்றது.