நகலில் வாங்கிய கையெழுத்து

என் மகனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதையும் எழுதுவதையும் கடினமாக்கும் கற்றல் குறைபாடு. ஒளிச்சேர்க்கையை வாயால் கேட்டால் மணிமணியாகச் சொல்வான். எழுதச் சொன்னால் 'பழம்' 'பமழ்' ஆகிவிடும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குச் சலுகை கேட்டபோது, "பார்த்தா நல்லாத்தானே இருக்கான்" என்று பள்ளியில் கையை விரித்தார்கள். (எத்தனை முறை கேட்ட வசனம்!)

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை அச்செடுத்தேன். அது சொல்லும் 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் உண்டு. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் இரண்டும் பிரிவு 17இல் இருக்கின்றன. அந்த வரிகளில் மஞ்சள் மை தீட்டி, அரசு மருத்துவமனைச் சான்றோடு மனு கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கினேன். அதன்பிறகுதான் காகிதம் நகர்ந்தது. வாய்வார்த்தையாகக் கேட்டுத் திரிந்த ஆறு மாதம் வீண்.

அனுமதி வந்ததும், எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண்ணை வைத்து, மகன் சொல்லச் சொல்ல அவள் எழுதுமாறு வீட்டில் பழக்கினோம். முதல் நாளே, "அக்கா, அந்த வரியை அடிச்சிடுங்க" என்று அதிகாரம் செய்தான்.