நான்கு டிராக் கருவியில் பதிந்த முதல் ஆல்பத்தை வினைலில் மறுவெளியீடு செய்வது எப்படி?

பால்டிமோரின் பீச் ஹவுஸ் இருவர் குழு, 2006இல் வெளிவந்த தன் முதல் ஆல்பத்தை ஒரு வீட்டின் நிலவறையில், நான்கு ஒலித்தடங்களைத் தனித்தனியே பதியும் நான்கு டிராக் கருவியைக் கொண்டு, இரண்டே நாளில் பதிவு செய்தது. இத்தகைய லோ-ஃபை (எளிய கருவிகளில் பதிந்த, மெருகில்லாத ஒலி கொண்ட) ஆல்பத்தை மறுபடி வினைலில் கொண்டுவர விரும்புவோர் முதலில் தேட வேண்டியது மூலத்தை. பாடல்களை ஸ்டீரியோவாகக் கலந்து எடுத்த முதல் டேப் இருக்கும்போது, கடையில் விற்ற சிடியிலிருந்து தட்டு வெட்டுவதில், அதாவது வினைலுக்கான மூலத் தட்டில் ஒலிப் பள்ளத்தைச் செதுக்குவதில், பொருளில்லை. உரிமை யாரிடம் உள்ளது என்பதையும் அப்போதே எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூலம் கேசட்டாக இருந்தால், அது பதிவான கருவி எது என்று கேட்டறிய வேண்டும். டாஸ்காம் நிறுவனம் 1979இல் கொண்டுவந்த போர்ட்டாஸ்டுடியோ 144 என்ற கேசட் பதிவுக் கருவி, சாதாரண கேசட்டின் இருமடங்கு வேகத்தில், அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 9.5 செ.மீ. வேகத்தில், நான்கு டிராக்குகளையும் ஒரே திசையில் பதியும். அந்தக் கேசட்டை வீட்டு டெக்கில் போட்டால் பாதி வேகத்தில், இரண்டு டிராக் மட்டுமே கேட்கும். டிபிஎக்ஸ், டால்பி போன்ற இரைச்சல் குறைப்பு முறைகளில் எதைப் போட்டுப் பதிந்தார்களோ அதையே போட்டு ஒலிக்கவிட வேண்டும். டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டை ஒட்டி, அதன் சாய்வைச் சரிசெய்யும் சிறு திருகை, ஒலியை மோனோவில் கேட்டபடி, உச்ச ஒலிகள் மிகத் தெளிவாகும் இடம்வரை மெல்லத் திருப்பிய பின்னரே 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் கணினிக்கு மாற்றுங்கள். மங்கலான ஒலி என்று பலர் குறைப்பட்டுக்கொள்வது பெரும்பாலும் இந்தத் திருகின் கோளாறே.

டேப்பின் இரைச்சலை மென்பொருளால் துடைத்தெடுக்கும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. இரைச்சலோடு சேர்ந்து டிரம்ஸின் ஹை-ஹாட் தாளத் தட்டுகளின் ஓசையும் பாடுபவரின் மூச்சும் போய்விடும். மின் இணைப்பால் வரும் ரீங்காரத்தை மட்டும் குறைத்தால் போதும் என்பது என் கருத்து.

வெட்டும் கட்டத்தில் நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத் தட்டுக்கு ஒரு பக்கம் 20 நிமிடத்தை ஒட்டி இருக்கட்டும். அதற்கு மேல் நீண்டால் ஒலியளவைக் குறைத்தே வெட்ட முடியும். ஊசியின் கீழ் பள்ளம் வெளி ஓரத்தில் விநாடிக்கு 50 செ.மீ. அளவில் நகர்கிறது, லேபிளை நெருங்கும்போது அது 20 செ.மீ.யை ஒட்டிக் குறைந்துவிடுவதால், உச்ச ஒலிகள் அங்கே சிதையும். பாடல் வரிசையை மாற்ற இசைக்குழுவினர் இசையாவிட்டால், பக்கத்தை வேறு இடத்தில் பிரித்தாவது அமைதியான பாடல் கடைசியில் வரச் செய்யலாம். வீட்டில் கலந்த பாடல்களில் பேஸ் முழுதும் ஒரே காதில் ஒலிப்பது வழக்கம். அப்படியே வெட்டினால் ஊசி துள்ளக்கூடும் என்பதால், தாழ் அதிர்வெண்களை மட்டும் நடுவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கூரிய ‘ஸ’ ஒலிகளையும் தணித்தாக வேண்டும்.

மொத்தமாக அச்சிடும் முன் ஆலை அனுப்பும் சோதனைத் தட்டுகள் வந்ததும் குறைந்தது இரண்டை, வெவ்வேறு பிளேயர்களில், இரு பக்கமும் முழுமையாகக் கேளுங்கள். ஒரே ‘டிக்’ ஒலி எல்லாத் தட்டிலும் ஒரே இடத்தில் கேட்டால் பழுது வெட்டிலோ அச்சிலோ இருக்கிறது; ஒரு தட்டில் மட்டும் கேட்டால் அது அந்தப் பிரதியின் அழுத்தக் குறை. முன்னதற்கு நேரத்தைக் குறித்து ஆலைக்கு எழுதி, அதைச் சரிசெய்து புதிய சோதனைத் தட்டு அனுப்பும்வரை ஒப்புதல் தராதீர்கள்.