சென்னையில் சூரிய மின் வீடுகளைப் பார்வையிடும் முறை

மொட்டை மாடியில் சோலார் தகடு பொருத்த எண்ணுபவர்கள், விற்பனையாளரை அழைப்பதற்கு முன்பாக, ஓராண்டுக்கு மேல் அதைப் பயன்படுத்திவரும் வீடுகள் சிலவற்றை உரிமையாளரின் அனுமதியுடன் நேரில் காண்பது நல்லது.

முதலில் மாடிக்குச் செல்லுங்கள். சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், தகடுகள் தெற்கு நோக்கி அதே அளவுச் சாய்வில் இருப்பது பொருத்தமானது. தண்ணீர்த் தொட்டி, பக்கத்து அடுக்ககம், தென்னை ஆகியவற்றின் நிழல் காலையிலும் மாலையிலும் எங்கே விழுகிறது என்று கேளுங்கள். ஒரு தகட்டின் ஓரத்தில் விழும் ஓலை நிழல்கூட அந்த வரிசை முழுவதன் உற்பத்தியையும் குறைக்கக்கூடும். தகடுகளைக் கழுவ அருகில் குழாய் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடற்கரையை ஒட்டிய வீடாக இருந்தால், தாங்குசட்டங்களின் போல்ட்டுகளில் துரு ஏறியிருக்கிறதா என்பதைக் குனிந்து பார்க்கத் தயங்க வேண்டாம்.

அடுத்து, தகடுகளின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டரின் திரையைப் பாருங்கள். ஒரு கிலோவாட் தகடு சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும் என்பது பொதுவான கணக்கு. திரை காட்டும் மொத்த உற்பத்தியை நாள்களாலும் அமைப்பின் கிலோவாட் அளவாலும் வகுத்து ஒப்பிடுங்கள். பேட்டரி இல்லாத அமைப்பு, வெளியே மின் லைனில் வேலை செய்பவர்களின் பாதுகாப்பு கருதி, மின்வெட்டின்போது தானாகவே நின்றுவிடும். பலரும் பணம் கட்டிய பிறகே இதை அறிகிறார்கள் என்பதால், வீட்டுக்காரரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

தகட்டைவிடச் சிக்கனமே முக்கியம் என்பது என் கருத்து. 75 வாட் மின்விசிறிக்குப் பதிலாக 30 வாட் அளவிலான பிஎல்டிசி (தூரிகையில்லா மோட்டார் கொண்ட) விசிறி ஓடுகிறதா, மாடித் தளத்தில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைக் குளிர் ஓடு பதித்திருக்கிறார்களா என்று கவனித்து, மே மாதத்தை உள்ளடக்கிய மின் கட்டண ரசீதையும் கேட்டுப் பாருங்கள்.