பிச்சாவரத்துச் சேற்றை மீட்பது: முதலில் நீரோட்டம், பிறகு நாற்று

பல்லாயிரம் ஆண்டுகளாக நீரில் அமிழ்ந்து, முழுதும் மட்காமல் படிந்த தாவர எச்சமே பீட் எனப்படும் கரிமண். உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 விழுக்காடே இதன் பரப்பு. ஆயினும் உலகக் காடுகள் அனைத்தும் தம் மரங்களில் சேர்த்து வைத்திருப்பதைவிட மிகுதியான கார்பன் இம்மண்ணில் இருக்கிறது. நெய்வேலியில் வெட்டி எடுக்கப்படும் பழுப்பு நிலக்கரியும் ஒரு காலத்தில் இத்தகைய மண்ணாகக் கிடந்ததுதான். இன்றைய கடலூர் மாவட்டத்தில் இதற்கு நெருங்கிய உறவுடைய நிலம், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில், 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி பெற்ற பிச்சாவரம் அலையாத்திக் காடு. இதன் சேற்றிலும் ஆக்சிஜன் குறைவு என்பதால், விழுந்த இலையும் வேரும் மெதுவாகவே மட்குகின்றன.

இத்தகைய நிலத்தை மீட்க விரும்புவோர் நாற்றுப்பையை எடுக்கும் முன் அங்கே நீருக்கு என்ன நேர்ந்தது என்று கண்டறிய வேண்டும். இந்தோனேசியாவில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்ததால் கரிமண் உலர்ந்து, தாழ்ந்து, 2015இல் பெருந்தீக்கு இரையானது. ஆகவே அங்கே வாய்க்கால்களை அடைப்பதே மருந்து. பிச்சாவரத்தில் நடந்தது வேறு. பல பத்தாண்டுகள் பகுதி பகுதியாக மரங்களை முழுதும் வெட்டியதால் வெயில் பட்ட சேறு ஈரம் இழந்து குழிந்தது. ஓதத்தில், அதாவது கடல்நீர் ஏறும் வேளையில், நுழைந்த நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுச் சென்றது. இங்கே வாய்க்காலைத் திறப்பதே மருந்து. ஓரிடத்து முறையை ஆராயாமல் மற்றோரிடத்தில் செய்வது நிலத்துக்குத் தீங்காகவே முடியும் என்பது என் உறுதியான கருத்து.

எனவே கோடையிலும் வடகிழக்குப் பருவமழையிலும் தனித்தனியாக அளவெடுங்கள். நில மட்டம், ஓதம் ஏறி வற்றும் உயரம், மண்ணிடை நீரின் உப்பு ஆகிய மூன்றும் போதும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. மண்நீர் அதைவிடப் பெரிதும் மிஞ்சினால் அங்கே நாற்று நடுவது வீண். பிச்சாவரத்தில் ஓத ஏற்றம் ஒரு மீட்டருக்குள் அடங்குவதால், சில அங்குல மட்டப் பிழைகூட நீரைத் தேக்கிவிடும். பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தை அணுகினால் அளவீட்டை முறையாகத் திட்டமிடலாம்.

கருவி காட்டாததை மனிதர் காட்டுவர். உப்பங்கழியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கும், கிள்ளைப் பகுதி மீனவர்களுக்கும் எந்தக் கிளைவாய் தூர்ந்தது, எங்கே நீர் நாறுகிறது என்பது தெரியும். வரைபடம் முடிவாகும் முன்னரே அவர்களோடு நடந்து பாருங்கள். முடிவான பின் கருத்துக் கேட்பது வெறும் சடங்கு. காப்புக் காடு என்பதால் வனத்துறை அனுமதி இன்றி ஒரு மண்வெட்டியும் இறங்கக்கூடாது.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் 1990களில் இங்கே செய்து காட்டிய முறை இது: இயற்கைக் கழியிலிருந்து முதன்மை வாய்க்கால் ஒன்றும், அதன் இருபுறமும் மீன்முள் போலச் சாய்ந்த கிளைவாய்க்கால்களும் வெட்டப்பட்டன. ஓதநீர் வந்து போகத் தொடங்கியதும் உப்பு கழுவப்பட்டு இறங்கியது. அதன் பின்னரே, மழையில் உப்பு தணிந்திருக்கும் வேளையில், அலையாத்தி மரவகையான வெண்கண்டலின் முற்றிய விதைகளை வாய்க்கால் ஓரச் சரிவில் ஊன்ற வேண்டும். மற்றோர் அலையாத்தி வகையான சுரபுன்னையை அன்றாடம் ஓதநீர் தொடும் கழிக்கரையில் வைத்துக்கொள்ளலாம்.

வாய்க்கால் ஆண்டுதோறும் தூரும். பெரும்பாலான திட்டங்கள் இங்கேதான் படுத்துவிடுகின்றன. தூர்வாரும் கூலியை முதல் ஆண்டின் செலவுத் திட்டத்திலேயே எழுதி, அந்த வேலையை ஊர்க்குழுவின் பொறுப்பில் விடுங்கள்; ஒவ்வொரு முறை தூர்வாரிய பின்னும் அதே இடங்களில் உப்பை மீண்டும் அளந்து, அந்தக் கணக்கை ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.