மே மாதப் புயலைப் பார்த்து மழை சொல்லாதீர்கள்

ஏப்ரல் பிறந்தால் போதும், வானிலை பார்க்கப் புதிதாகக் கிளம்பிய தம்பிகள் வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு வண்ணக் கணிப்புப் படம் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். வங்கக்கடலில் சிவப்பாக ஒரு சுழி, கீழே "சென்னைக்கு ஆபத்தா?" என்று ஒரு வரி. படத்தில் இருக்கும் ஜிஎம்டி (கிரீன்விச்) நேரத்தை நம் நேரமாக்க ஐந்தரை மணி கூட்ட மறப்பதெல்லாம் ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும், அதை விடுங்கள். தானாகச் சரியாகாத தவறுகள் கீழே.

பத்தாம் நாள் படம்

இன்னும் பத்து நாள் கழித்து என்ன நடக்கும் என்று காட்டும் கணிப்பைப் பார்க்கலாம். பகிராதீர்கள்.

புயல் என்றால் மழை என்று நினைப்பது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் வரும் இடம். நவம்பரில் பழகிய கண்ணோடு மே மாதக் கடலைப் பார்க்கிறார்கள். மே மாதப் புயல்கள் பெரும்பாலும் நம் பக்கம் திரும்பாமல் வடக்கே ஏறி ஒடிசா, வங்கதேசம், மியான்மர் என்று போய்விடும். புயலைச் சுற்றிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்வதால், அது நமக்கு வடகிழக்கே போனதும் சென்னைக்கு மேற்கிலிருந்து, அதாவது வேலூர், திருத்தணி பக்கத்து வறண்ட நிலக்காற்று வரும். நண்பகலை ஒட்டி உள்ளே வரவேண்டிய கடற்காற்றை அது கரையிலேயே மடக்கிவிடும். மதியம் 3 மணிக்கும் மொட்டைமாடிக் கொடியில் துணி கடல் பக்கமாகவே பறக்கிறதா? அன்றைக்கு 40 டிகிரி தாண்டினால் ஆச்சரியப்படாதீர்கள்.

2019 ஃபானியை எடுத்துக்கொள்ளுங்கள். வட தமிழகக் கரையை நெருங்கும் என்றுதான் ஆரம்பக் கணிப்பு. ஏரிகள் வறண்டு, குடத்தோடு சென்னை அலைந்த வருஷம் அது, எல்லோருக்கும் ஆசை. எனக்குத் தெரிந்த ஓர் அடுக்ககத்தில், யாரோ ஒரு பையன் அனுப்பிய படத்தை நம்பி, பதிந்து வைத்திருந்த தண்ணீர் லாரியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். புயல் மே 3 அன்று பூரி அருகே கரையேறியது. அடுக்ககத்துக்குக் கிடைத்தது வெயில்தான். மறுபடி லாரி கேட்டபோது வரிசையும் நீண்டிருந்தது, விலையும் ஏறியிருந்தது. அங்கே செயலாளராக இருக்கும் அம்மா இன்றும் என்னைப் பார்த்தால், "உங்க ஆளுங்க சொன்ன மழை எங்க சார்?" என்பார். படம் போட்ட பையன் அடுத்த வருஷமும் போட்டான், அது வேறு கதை.

2003 மே மாதமும் இப்படித்தான். புயல் மியான்மருக்குப் போனது, மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி.

சரி, அதற்காக மே மாதப் புயல் மழையே தராது என்றும் கிளம்பாதீர்கள். 2010 லைலாவும் 2016 ரோனுவும் கரையை ஒட்டியே நகர்ந்தன, சென்னை நன்றாக நனைந்தது. புயல் இருக்கிறதா என்பதை விட, கரையிலிருந்து எவ்வளவு தள்ளி, நமக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

பெயர் வைக்கட்டும் என்று காத்திருப்பது

காற்று வலுத்துப் புயலாக மாறினால்தான் பெயர் வைப்பார்கள், மழை அதற்காகக் காத்திருக்காது. ரோனுவுக்குப் பெயர் வைக்கும் முன்பே, அது கொட்டிய மழையில் இலங்கையின் அரநாயக்கவில் மலை சரிந்துவிட்டது.

"மீன்பிடித் தடைக்காலம், கடலில் யாரும் இல்லை"

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை விசைப்படகுக்குத்தான். ஃபைபர் படகும் நாட்டுப்படகும் தினமும் போகின்றன. வானிலை மைய அறிக்கையைப் பகிரும்போது மீனவர்களுக்கான எச்சரிக்கையை வெட்டிவிட்டுப் பகிராதீர்கள்.