நோட்டில் விட்டுப்போன நாள் பூஜ்யம் ஆகாது

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரின் தினசரி நோட்டை ஆர் (R) என்ற புள்ளிவிவர நிரல் மொழியில் ஏற்றினேன். கண்ணாடிமேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றிச் செய்கிற வேலை அது. அதனால் ஒரு நாளைப்போல் ஒரு நாள் இருக்காது. ஐந்து நாளில் செய்த கற்களின் எண்ணிக்கையை 'கல்' என்ற வெக்டரில், அதாவது வரிசையான ஒரு பட்டியலில், வைத்தேன்: 120, 135, காலி, 110, 125. காலி இடத்தை ஆரில் என்ஏ (NA) என்று குறிப்பார்கள். சராசரி கேட்டால் அதே என்ஏதான் வந்தது.

உடனே அந்த இடத்தில் 0 போட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். நான் பார்த்ததிலேயே அதிகம் கெடுதல் செய்யும் தவறு இதுதான். 0 போட்டால் சராசரி 98. அந்த நாளை ஒதுக்கினால் 122.5. எது சரி என்று ஆர் சொல்லாது, நோட்டு எழுதியவரைத்தான் கேட்க வேண்டும். "அன்னைக்கு வேலை நடந்துச்சு தம்பி, எழுத மறந்துட்டேன்" என்றார் அண்ணன். அப்படியானால் அது என்ஏதான். மழைக்கு வேலையை நிறுத்தியிருந்தால் 0.

சரி, காலியை ஒதுக்கச் சொல்லி என்ஏ.ஆர்எம் = ட்ரூ (na.rm = TRUE) என்று கொடுத்தால் 122.5 வந்துவிடும். ஆனால் 30 நாளில் 20 நாள் காலியாக இருந்தாலும் அது சத்தமில்லாமல் ஒரு சராசரியைத் தந்துவிடும். முதலில் சம்(இஸ்.என்ஏ(கல்)), அதாவது sum(is.na(கல்)), போட்டு எத்தனை காலி என்று எண்ணுங்கள்.

காலியைத் தேட கல் == என்ஏ என்று எழுதாதீர்கள். ஐந்து இடத்திலும் என்ஏ மட்டுமே வரும். என்ஏ என்றால் 'எவ்வளவு என்று தெரியாது'. தெரியாததோடு 120-ஐ ஒப்பிட்டால் விடையும் தெரியாதுதானே? கல்[கல் > 115] என்று வடிகட்டும்போதும் இதே சிக்கல். 120, 135, 125 ஆகியவற்றோடு நடுவில் ஒரு என்ஏவும் ஒட்டிக்கொண்டு வரும். எண்ணினால் மூன்றுக்குப் பதில் நான்கு. நிபந்தனை பொருந்தும் இடங்களை மட்டும் தரும் விச் (which) என்ற ஃபங்ஷனுக்குள் நிபந்தனையை வைத்தால் அது விலகிவிடும்.

என்ஏவுக்குப் பதிலாக, 'எதுவுமே இல்லை' என்று பொருள்படும் நல் (NULL) போடுவதும் தவறு. நல் வெக்டரில் இடமே பிடிக்காது. நான்காம் நாள் கணக்கு மூன்றாம் நாளில் போய் உட்கார்ந்துவிடும்.

அப்புறம், அண்ணன் இப்போது மறந்த நாளுக்கு ஒரு கோடு இழுக்கிறார். அந்த ஒரு கோட்டால், கோப்பைப் படிக்கும் ரீட்.சிஎஸ்வி (read.csv) அந்த நெடுவரிசை முழுவதையும் எண்ணாக இல்லாமல் எழுத்தாகப் படித்துவிடும். படிக்கும்போதே என்ஏ.ஸ்ட்ரிங்ஸ் (na.strings) என்ற இடத்தில் "-" என்று சொல்லிவிடுங்கள், கோடு என்ஏ ஆகிவிடும்.