தமனி விறைப்பை அளக்கும்போது எங்கே தவறுகிறோம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பகல் பத்து மணிக்குத் தமனி விறைப்பை அளக்கும் ஸ்கேனுக்கு வருபவர்களில் பலர் விடியற்காலையிலேயே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போய் வந்தவர்கள். போன மாதம் வேலை முடிந்து மோட்டாரில் நேராக வந்து இறங்கிய ஓர் அண்ணனிடம், "சாப்பிட்டீங்களா அண்ணே?" என்று கேட்டேன். "ரொட்டி சானாய், ஒரு கோப்பி. வர்ற வழியில ஒரு சிகரெட். அவ்வளவுதான் தம்பி" என்றார். மறுநாள் வரச் சொல்லி அனுப்பினேன். சாப்பாடு, கோப்பி, சிகரெட் மூன்றும் அளப்பதற்கு முந்தைய 3 மணி நேரத்தில் கூடாது. வந்த பிறகும் 10 நிமிடமாவது பேசாமல், தூங்கியும் போகாமல் படுத்திருக்க வேண்டும். எந்தத் தோட்டம், யார் மகன் என்று கேட்காமல் இருப்பது நமக்கெல்லாம் கஷ்டம்தான். அளந்து முடித்த பிறகு ஆற அமரக் கேட்டுக்கொள்ளலாம்.

இதயம் துடிக்கும்போதெல்லாம் தமனிச் சுவர் வழியாக ஓர் அலை ஓடுகிறது. மிருதுவான சுவரில் மெதுவாகவும் விறைத்த சுவரில் வேகமாகவும் போகும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனை முதலில் கழுத்துத் தமனியிலும் அப்புறம் தொடைத் தமனியிலும் வைத்து, அலை இந்த இரண்டு இடங்களுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை இசிஜியை வைத்து எடுக்கிறோம். தூரத்தை அந்த நேரத்தால் வகுத்தால் நாடி அலை வேகம் கிடைக்கும். அது விநாடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் பெருந்தமனி (இதயத்திலிருந்து கிளம்பும் முதல் பெரிய தமனி) விறைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

நான் பார்த்தவரை பெரிய தவறு மெஷினில் நடப்பதில்லை, டேப்பில்தான் நடக்கிறது. கழுத்துக்கும் தொடைக்கும் இடையே நேர்தூரம் 62 செ.மீ., நேர வித்தியாசம் 55 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம். நேர்தூரத்தை 0.8ஆல் பெருக்க வேண்டும் என்பது 2012இல் நிபுணர்கள் ஒத்துக்கொண்ட முறை. பெருக்கினால் 49.6 செ.மீ., வேகம் 9 மீட்டர். பெருக்க மறந்தால் அதே மனிதருக்கு 11.3! ஒரு பெருக்கல் விட்டுப்போனதற்காக நல்ல தமனிக்காரர் நோயாளி ஆகிவிடுகிறார். பழைய 12 என்ற எல்லை முழுத் தூரத்துக்கு உரியது. அதை இதோடு கலக்கவே கூடாது. தொப்பையின் மேல் டேப்பை வளைத்துப் பிடிப்பதும் இதே வகைத் தவறு. 4 செ.மீ. கூடினாலே 9 என்பது 9.6 ஆகிவிடும். டேப்பை வயிற்றில் ஒட்டாமல் நேராகப் பிடியுங்கள்.

திரையில் குறி வைக்கும்போது அலையின் உச்சியைத் தொடாதீர்கள். கீழிருந்து திரும்பி வரும் அலைகள் உச்சியின் உருவத்தை மாற்றிவிடும். எழத் தொடங்கும் அடிப்பகுதிதான் நம்பகமானது. கழுத்தையும் தொடையையும் அடுத்தடுத்து எடுப்பதால், துடிப்பு சீராக இல்லாதவர்களிடம் கணக்கு பிசகும். அதே நேரத்து ரத்த அழுத்தத்தையும் குறித்துவையுங்கள், ஏனென்றால் அழுத்தம் ஏறினால் அதே தமனியே அந்த நேரத்துக்கு விறைத்துக் காட்டும்.

எம்ஆர்ஐயில் டேப் தேவையில்லை, பெருந்தமனியின் வளைவே படத்தில் தெரியும். ஆனால் வளைவு 12 செ.மீ., வேகம் 6 மீட்டர் என்றால் அலை 20 மில்லி விநாடியில் கடந்துவிடும். 40 மில்லி விநாடிக்கு ஒரு படம் எடுத்துவிட்டு அதில் வேகத்தைத் தேடினால் கிடைக்கிற எண்ணை நம்ப முடியாது.

மறுநாள் அந்த அண்ணன் சொன்னபடியே வந்தார், கையில் வேறு எங்கோ எடுத்த ஒரு சீட்டோடு. அதில் 14 என்று இருந்தது. எல்லை 10 என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், ராத்திரியெல்லாம் தூக்கமில்லையாம். சீட்டைத் திருப்பிப் பார்த்தால், கையிலும் கணுக்காலிலும் பட்டை சுற்றி எடுத்த அளவு. கால் தமனிகளும் சேருவதால் அதில் எண் கூடுதலாகத்தான் வரும்; அதற்குச் சொல்லும் எல்லை 18. "இது வேற கணக்கு அண்ணே" என்று சொல்லிவிட்டுப் படுக்கச் சொன்னேன்.